வாசலில் ஒரு படகு

திருவொற்றியூரில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் காலை ஆட்டிக்கொண்டு குனிந்து ஜன்னல் வழியே மேலே பார்ப்பதும் நிமிர்வதுமாக இருந்தார். திடீரென்று சொன்னார்:

“ஒரு மரப் படகு செஞ்சு வாசல்ல கவுத்து வெச்சிடலாம் மே.”

“கொருக்குப்பேட்டைல ஏதுய்யா கடலு?”

“மழ பேஞ்சா கடல்தான? போன தபா கார்ப்பரேசன் போட்டு வர்ற வரிக்கும் எங்கம்மா டேபிள் மேலயே குந்திகினு கெடந்துச்சு. ஹார்பர்ல பழைய மரம் வாங்குனா ஆசாரி கூலி, தாரு, ஆணி எல்லாம் சேத்து முப்பதாயிரத்துல முடிச்சிடலாம்.”

“எத்தினி பேரு குந்தலாம்?”

“நாம நாலு பேரு.”

“பக்கத்து வூட்டு புள்ளத்தாச்சிய வுட்டுட்டுப் போவியா?”

“சரி, அஞ்சு. நாப்பது ஆவும்.”

“அவ புருஷன்?”

“நாப்பத்தஞ்சு.”

“எதுத்த வூட்ல மூணு பசங்க கீது. ஜன்னல புடிச்சிகினு நம்மளயே பாக்கும். நீ பாட்டுக்கு துடுப்பு போட்டுகினு போவியா?”

அவர் கால் இன்னும் வேகமாக ஆடியது. கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது.

கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு காக்கிச் சட்டைக்காரர் குனிந்தார்.

“நைனா, நானும் கொருக்குப்பேட்டதான். எங்க வூட்ல அஞ்சு பேரு. பங்குத் துட்டு தர்றேன், சேத்துக்கோ.”

பின்னாலிருந்து, மடியில் மீன்கூடை வைத்திருந்த ஒரு அம்மா கேட்டார்:

“படகு வியாசர்பாடி வழியா போவுமா?”