பதினான்காவது கிலோமீட்டரில் அவிழ்த்த கயிறு

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதிக்கொடுத்தபடி சரியானவை. வயது நாற்பத்தேழு. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனியில் இருக்கிறேன். மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இல்லை. என்னை யாரும் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவரவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை இயற்கைப் பூங்காவில் என் சகலை சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தது பற்றி ஏற்கெனவே எழுதப்பட்ட விவரம் தவறு என்று இன்று காலை பத்தரை மணிக்கு நானாகவே வந்து சொன்னதன் பேரில் இது பதியப்படுகிறது.

சகலை என்று நான் சொல்வது என் மனைவியின் தங்கை கணவரை. அவருக்கு வயது முப்பத்தெட்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். அவர் ஊசி போட்டால் வலியே தெரியாது என்று என் மாமியார் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்வார்.

மேற்படி பூங்கா ஊருக்கு வெளியே இருக்கிறது. ஏரியைச் சுற்றி இருபத்தோரு கிலோமீட்டர் சரளைப் பாதை. மோட்டார் வண்டி எதையும் உள்ளே விடமாட்டார்கள். சைக்கிள்கள் ஒரே திசையில் மட்டும் போகவேண்டும். நான் ஓட்டுவது வளைந்த கைப்பிடியும் அகலமான டயரும் உள்ள, கல்பாதைக்கென்றே செய்த சைக்கிள். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் குழிக்குள் கழுத்தை அண்ணாந்துகொண்டு வேலை செய்கிறவன் நான். ஹாரன் சத்தம் இல்லாமல், டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போவதற்காக ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் அங்கே போய்வந்தேன். ஒரு சுற்றை யார் குறைந்த நேரத்தில் முடித்தார்கள் என்பதை வாசல் காவலர் தன் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். நான்கு வருடமாக அங்கே என் நேரம்தான் இருந்தது. ஒரு மணி ஒன்பது நிமிடம். என் வீட்டில் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சென்ற வருடம் சகலைக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று தெரிந்தபோது, அவரைப் பூங்காவுக்கு அழைத்துப்போனவன் நான்தான். என் பழைய சைக்கிளைத் துடைத்து, சங்கிலி மாற்றி, சீட்டு உயரத்தைச் சரிசெய்து கொடுத்தேன். முதல் நாள் ஐந்தாவது கிலோமீட்டர் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு அன்று அவரை மிகவும் பிடித்திருந்தது. அதன் பிறகு எட்டு மாதத்தில் அவர் ஒரு மணி நான்கு நிமிடத்தில் சுற்றி வந்தார். காவலர் என் நேரத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவருடையதை எழுதினார். அன்று மாலை மாமனார் வீட்டில் அதற்காகக் கேக் வாங்கி வெட்டினார்கள். என் தட்டில் இரண்டு துண்டு வைத்தார்கள்.

அவர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை, தொல்லையே அதுதான். நான் சொன்னபோது யாரும் சிரிக்காத ஜோக்கை அதே மேசையில் அவர் சொன்னார், என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முட்டி வலிக்குக் காலை நீட்டி மடக்கவேண்டும் என்று நான் இரண்டு வருடமாகச் சொன்னதை அவர் ஒருமுறை சொன்னார், மறுநாள் காலையிலிருந்து என் மனைவி செய்ய ஆரம்பித்தார்.

போன மாதம் இரண்டாவது ஞாயிறு எனக்கு அவசர வேலை வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. மதியம் வீடு திரும்பியபோது வாசலில் என் மனைவியின் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, தங்கையோடும் சகலையோடும் பூங்காவுக்குப் போனதாகவும், சகலை சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்ததாகவும், கடைசியில் தானே நான்கு கிலோமீட்டர் ஓட்டியதாகவும் சொன்னார். கல்யாணமான பதினாறு வருடத்தில் நான் அவரை எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். முட்டி, வெயில், வேலை என்று ஏதாவது சொல்வார். நான் "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். அவர்கள் இருவருக்கும் இடையே தவறாக எதுவும் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு நான் பூங்காவுக்குப் போனேன். சகலை ஆறே முக்காலுக்கு வருவதாக முந்தின நாள் சொல்லியிருந்தார். மழையில் பதினான்காவது கிலோமீட்டரில் ஒரு சிறுபாலம் இடிந்துவிட்டதாகவும், அதற்கு முன்னால் கயிறு கட்டிப் பலகை தொங்கவிட்டிருப்பதாகவும், அதோடு திரும்பிவிடவேண்டும் என்றும் காவலர் சொன்னார். அவர் பதினேழாவது கிலோமீட்டரில் உள்ள பின்வாசலுக்கு மரப்பலகைகள் இறக்கப் போகவேண்டியிருந்ததால், "உங்க சகலைக்கு நீங்களே சொல்லிடுங்க" என்றார். "சொல்றேன்" என்றேன். பாதைக்குள் போன் எடுக்காது, ஆனால் வாசலில் எடுக்கும். அங்கேயே நின்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அதன் பிறகு நான் பதினான்காவது கிலோமீட்டர்வரை போனேன். வளைவு முடிகிற இடத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டியிருந்தது. அதை அவிழ்த்துவிட்டு நடந்துபோய்ப் பார்த்தேன். பாலத்தின் பாதி இல்லை. ஆள் உயரத்துக்குப் பள்ளம், அடியில் கல். திரும்பி வந்து கயிற்றைக் கட்டுவதற்காகக் கையில் எடுத்தேன். எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதன் பிறகு, எங்கள் தொழிலில் செய்வதுபோல் அதை எட்டு வடிவில் சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, மரத்தடியில் வைத்தேன். பலகையைப் புல்லில் கவிழ்த்துப் போட்டேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தின் ஓரமாக இறங்கி அந்தப் பக்கம் ஏறி, ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் கடைசி நேரத்தில் பிரேக் பிடிப்பார், பயப்படுவார், அவருடைய நேரம் கெடும் என்று நினைத்தேன். விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

சுமார் அரைமணி நேரம் கழித்து வளைவுக்கு அப்பால் கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. நல்ல வேகம். அந்த வளைவில் நான் அப்படி ஓட்டியதில்லை. எழுந்து கத்தினால் கேட்கும் தூரம்தான். நான் எழுந்தேன், ஆனால் கத்தவில்லை. சத்தம் நின்றது. பிரேக் சத்தம் கேட்கவே இல்லை.

ஓடிப் பார்த்தபோது அவர் கல்லுக்கு நடுவே கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியில் ரத்தம். என்னைக் கண்டதும் அவர் சொன்னது, "அண்ணே, உங்களுக்கு அடி படலையே?" நான் முன்னால் போய் விழுந்திருப்பேன் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார்.

அதன் பிறகு காய்ந்த கிளை இரண்டை ஒடித்து அவர் காலுக்கு வைத்தேன். கட்ட எதுவும் இல்லாததால் மேலே ஏறிப்போய் அந்தக் கயிற்றை எடுத்துவந்தேன். சுருட்டியிருந்த கயிற்றை அவர் பார்த்தார். நான் முடிச்சை அவிழ்ப்பதையும் பார்த்தார். அப்புறம் வானத்தைப் பார்த்துக்கொண்டார். அவரை முதுகில் சுமந்து என் சைக்கிள் இருந்த பக்கம் மேலே ஏற்றி, அதன் சீட்டில் உட்காரவைத்து, கையை என் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் பின்வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். சரளையில் ஒவ்வொரு கல் ஏறி இறங்கும்போதும் அவர் விரல்கள் என் தோளை இறுக்கின. காலில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து, இதை யார் அவிழ்த்தது என்று வாசல் காவலர் கேட்டதற்குச் சகலைதான் முந்திக்கொண்டு, "நான்தான் அவுத்தேன். பாலம் எப்படி இருக்குன்னு பாக்கணும்னு ஒரு ஆசை" என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்த இந்த நிலையத் தலைமைக் காவலரிடமும் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று ஆஸ்பத்திரி நடையில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் இல்லாவிட்டால் மாப்பிள்ளை பிழைத்திருக்கமாட்டார் என்று மாமனார் எல்லோரிடமும் சொன்னார். என் மனைவி என் சட்டையில் இருந்த ரத்தக்கறையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கறை போன பிறகும் கையை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை நான் சகலையைத் தனியாகப் பார்க்கப் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர், "விடுங்கண்ணே. இது அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாங்க" என்றார். அக்கா என்று அவர் சொன்னது என் மனைவியை. என் மனைவி எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. ஆரஞ்சுப் பையை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் தூங்கவில்லை.

இன்று காலை என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "அன்னிக்கு நான் சைக்கிள் ஓட்டினதுக்கா?" என்று மட்டும் கேட்டார். "அதுக்கும்தான்" என்றேன். பிறகு தங்கைக்குப் போன் போட்டார். நான் கிளம்பும்போதும் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

மனசாட்சி உறுத்தியதால் வந்தீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். அப்படியென்றால் நன்றாக இருக்கும். சகலை எனக்காகப் பொய் சொல்லிப் படுத்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், சாகும்வரை அவர் பெரிய மனிதர் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்திருக்கும். அதை என்னால் தாங்கமுடியவில்லை. என்ன தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

மேலே உள்ளது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, ஓரிடம் தவிர. "முன்விரோதம் காரணமாக" என்று எழுத்தர் எழுதியிருந்தார். எனக்கும் என் சகலைக்கும் எந்த விரோதமும் இருந்ததில்லை. அதை அடித்துவிட்டு "பொறாமை காரணமாக" என்று எழுதச் சொன்னேன். அவ்வாறே திருத்தப்பட்டது. திருத்திய இடத்திலும் அடியிலும் நானே கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)