நாலரை மணி வரைக்கும்

உடுப்புத் தோய்ப்பதில் ஆட்கள் விடுகிற பெரிய பிழை, சவர்க்காரத் தூளை அள்ளிக் கொட்டுவதுதான். அரைக் கோப்பை போதும். லண்டனில், மிச்சம் என்ற ஊரின் கடைத்தெருவில், காசு போட்டால் சுழலும் மெஷின்கள் பதினொன்று உள்ள லோண்டரெட் ஒன்றை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தில்லையம்பலம். நடந்ததை என் மொழியிலேயே எழுதித் தரலாம் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். பக்கத்தில் இருக்கும் மெய்யப்பன் தம்பி மலேசியாக்காரர். இதை ஆங்கிலத்தில் மாற்றப் போகிறவர். நான் எழுத எழுத வாசிக்கிறார், இடைக்கிடை சிரிக்கிறார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

முதலில் கைத்துவக்கு. அது என்னுடையதல்ல. 1986ஆம் ஆண்டு மார்கழியில், யாரோ விட்டுப்போன தலையணை உறைக்குள் ஐந்து குண்டுகளோடு கிடந்தது. மறதியாக விட்ட சாமான்களை மூன்று மாதம் வைத்திருப்பது கடையின் விதி, வைத்திருந்தேன். தலையணை உறைக்குள் கனமான சாமான் விட்டவர் வந்து எடுக்கவும் என்று கண்ணாடியில் எழுதியும் ஒட்டினேன். ஒருவரும் வரவில்லை. அதன்பிறகு மூக்குக்கண்ணாடிக்குக் கூடு வேண்டும் என்று சொல்லி, என் மனைவி கனகாம்பிகையிடம் ஒரு கம்பளி உறை பின்னுவித்தேன். ரோசா நிறம், பொத்தான் வைத்தது. இவ்வளவு பெரிய கண்ணாடியோ என்று கேட்டாள். பார்வை மோசமாகிக்கொண்டு போகிறது என்றேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அவள் அதைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்துச் சந்தனப் பொட்டு வைப்பாள். மற்ற நாட்களில் அது என் கோட்டின் உட்பையில் இருக்கும்.

ஏன் பொலிசில் கொடுக்கவில்லை என்று ஐயா கேட்டார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், கொழும்பில், என்னை ஒரு பேக்கரிக்காரர் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அவருக்கு என்னைத் தெரியாது. என் மொழியும் தெரியாது. வாசலில் பொல்லுகளோடு வந்தவர்களிடம், உள்ளே ஒருவருமில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றார். நான் உயிரோடு இருப்பது அந்த மனிதரால். அதை நினைக்காமல் நான் ஒருநாளும் படுத்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவரை நானும் காப்பாற்றாவிட்டால் இந்த உயிருக்கு அர்த்தமில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அவருடைய கடையை அன்றைக்கே எரித்துவிட்டார்கள். அது திங்கட்கிழமை காலை எட்டு மணி, நல்ல ராகுகாலம். மனிதர் நேரம் பார்க்காமல் இறங்கிவிட்டார். அந்தப் பிழையை நான் விடமாட்டேன் என்றும் முடிவு செய்திருந்தேன்.

ஆகவே எனக்கு மூன்று விதிகள் இருந்தன. துவக்கை எனக்காக எடுப்பதில்லை. தெரிந்தவர்களுக்காகவும் எடுப்பதில்லை, அது சுயநலம். ராகுகாலத்தில் எடுப்பதே இல்லை. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற ஆபத்து நாலரை வருடமாக மிச்சத்துப் பக்கம் வரவில்லை. ஸ்ட்ரெதம் வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தும் பார்த்தேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, வந்தது. பிற்பகல் மூன்று பத்துக்கு, முகத்தில் பெண்களின் காலுறையை மாட்டிய ஒரு வெள்ளைக்கார இளைஞன் பாண் வெட்டும் கத்தியோடு உள்ளே வந்து, மெஷின்களின் காசுப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே தொப்பி போட்ட கிழவி ஒருத்தி, தபால்காரர் ஒருவர், தாதிமார் இருவர், திரைச்சீலை தோய்க்க வந்த பஸ்தியாம்பிள்ளை. பஸ்தியாம்பிள்ளை எனக்குத் தெரிந்தவர் என்பது இடைஞ்சல்தான். ஆனால் நான் பஞ்சாங்கம் பார்ப்பதைக் கேலி செய்து, உங்கடை ராகுவுக்கு லண்டன் விசா கிடைச்சுதோ என்று அவர் கேட்ட நாளிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் அவரையும் தெரியாதவர் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

என் கை கோட்டுக்குள் போனது. கண் சுவர் மணிக்கூட்டுக்குப் போனது. செவ்வாய் ராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை வரை. கையை வெளியே எடுத்துவிட்டேன்.

இங்கேதான் சிக்கல். காசுப் பெட்டியின் திறப்பு முதலாளியிடம் இருக்கிறது என்று நான் உண்மையைச் சொன்னவுடன், கள்ளன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போகப் புறப்பட்டான். நாலரை வருடம் காத்திருந்த ஆபத்து ஐந்து நிமிடத்தில் வாசலைத் தாண்டப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? நான் முந்திப் போய்க் கதவைப் பூட்டித் திறப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். இது தானாகப் பூட்டும் கதவு, நாலரைக்குத்தான் திறக்கும் என்று சொன்னேன்.

அவன் மர வாங்கில் உட்கார்ந்து அழுதான். அழுவதற்கு வசதியாகக் காலுறையைக் கழற்றினான். நான் இஞ்சி போட்டு எல்லோருக்கும் தேநீர் வைத்தேன். தொப்பிக் கிழவி தன் படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளை அவன் கையில் கொடுத்து மடிக்க வைத்தாள். அவன் பெயர் பீற்றர் என்றும், வேலை போய் நாலு மாதம் என்றும் தெரியவந்தது. தாதிமார் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். நான் மரியாதையாகத் தடுத்தேன். பெயர் தெரிந்துவிட்டால் இவர்களை நான் எப்படித் தெரியாதவர்களாகக் காப்பாற்றுவது? தபால்காரர் மட்டும் கேளாமல் தன் பெயரைச் சொல்லிவிட்டார். அவரைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டேன்.

நாலு மணிக்கு பஸ்தியாம்பிள்ளை என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “அண்ணை, திறப்பு உங்கடை பொக்கற்றுக்கைதான் கிடக்கு. நான் பார்த்தனான். அந்தப் பொடியனைப் போக விடுங்கோ.”

“நாலரை மட்டும் பொறுங்கோ. எல்லாம் உங்கடை நன்மைக்குத்தான்,” என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நாலு முப்பத்தொன்றுக்கு எழுந்தேன். பொத்தானைக் கழற்றித் துவக்கை வெளியே எடுத்தேன். பீற்றர் இரண்டு கைகளையும் தூக்கினான். அவனுடைய கத்தி, கிழவியின் கேக்கை வெட்டிய பிறகு, உலர்த்தும் மெஷினின் மேல் கிடந்தது. வெறுங்கையனைச் சுடுவது முறையல்ல. ஆகவே கத்தியை எடுத்துக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்து, கொஞ்சம் ஓங்கிப் பிடிக்கச் சொன்னேன். அவன் பிடிக்க மாட்டேன் என்றான். நான் வற்புறுத்தினேன்.

அப்போதுதான் பஸ்தியாம்பிள்ளை எழும்பி வந்து அவனுக்கு முன்னால் நின்றார். கையில் ஈரத் திரைச்சீலை இருந்தது.

“உங்களுக்கு என்ன விசரோ, அண்ணை?” என்றார். “இஞ்சை ஒருத்தருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை.”

அது பார்வைக் கோளாறுள்ளவர்கள் சொல்கிற பேச்சு. நான் சுட்டேன். குண்டு திரைச்சீலையையும் அவருடைய தொடையையும் துளைத்து, நாலாம் நம்பர் மெஷினுக்குள் போய்ச் சுழன்றது. பீற்றர் தன் சட்டையைக் கழற்றி அவருடைய காலை இறுக்கிக் கட்டினான். தாதிமார் என்னைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்கள். என் பையிலிருந்து திறப்பை எடுத்ததும், தெருமுனைக்கு ஓடி ஆம்புலன்ஸுக்கு போன் செய்ததும் அந்தக் கள்ளன்தான். காலுக்கு ஆபத்தில்லை என்று இன்று காலை சொன்னார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு கவனமாக நேரம் பார்த்துச் செய்த காரியம் ஏன் பிசகியது என்று இரவு முழுக்க யோசித்தேன்.

இப்போது, இந்த இடத்தை வாசித்துவிட்டு, மெய்யப்பன் தம்பி பேனாவைக் கீழே வைத்தார்.

“ஐயா, கோடையில இங்க மணிய ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிடுறாங்களே,” என்றார். “ராகுகாலத்த யாரு தள்ளினா?”

உண்மைதான். பங்குனிக் கடைசியில் ஸ்டூலில் ஏறிக் கடை மணிக்கூட்டின் முள்ளைத் தள்ளியவன் நானேதான். ராகுவை ஒருவரும் தள்ளவில்லை. பீற்றர் வந்தபோது சரியான கணக்குக்கு இரண்டு பத்து, சுத்தமான நேரம். அவனை நான் மறித்து, தேநீர் கொடுத்து, எல்லோரையும் நட்ட நடு ராகுகாலத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கதவைப் பூட்டியது நான். கத்தியைக் கையில் கொடுத்தது நான். சுட்டதும் நான். ஆனால் பிழை மணிக்கூட்டினுடையது. கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். இன்று புதன், திருத்திய கணக்குப்படி இரண்டரை வரை ராகுகாலம், ஐயா அதுவரைக்கும் பொறுக்க வேண்டும். அவர் கவலைப்பட வேண்டாம் என்பதற்காக ஒன்றை உறுதியாக எழுதித் தருகிறேன்: இனிமேல் ஆட்களைக் காப்பாற்றுவதைக் குளிர்காலத்தில் மட்டும் வைத்துக்கொள்வேன்.