காலியாக் கிடந்த ஸ்லாட்

இல்ல தம்பி, எங்கயோ தப்பு இருக்கு. இன்னொரு தடவை லைட்டடிச்சு நல்லாப் பாருங்க. மெமரி ரெண்டு இருக்கணும். எம்மகன் அவன் கையாலயே மாட்டினது, நான் பக்கத்துல நின்னு ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். இதுல நாலு ஜிபி, அதுல நாலு, ஆக மொத்தம் எட்டு, இனிமே இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் பறக்கும் பாரும்மான்னான். பறக்கவும் செஞ்சுது.

ஒண்ணுதான் இருக்கா? பக்கத்து ஸ்லாட் காலியா?

ஆமா, விக்கத்தான் கொண்டுவந்தேன். வெல கேட்டா நீங்க எதுக்கு அதைத் திறந்து வெச்சுக்கிட்டு... சரி சரி, உள்ள பாக்காம எப்படி வெல சொல்வீங்க. உங்க மேல எரிஞ்சு விழுந்து என்ன ஆகப்போகுது.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த மாதிரிப் பழசுக்கு உண்மையிலேயே எவ்வளவு மெமரி வேணும்? எட்டு போதுமா? தாராளமாவா? அவன் என்னமோ பதினாறு ஜிபியாவது வேணும், இதோட போர்டு அதைத் தாங்காது, தள்ளிவிட வேண்டியதுதான்னு சொன்னானே. அவன் படிச்சதே இந்தப் படிப்பு. ஆபீஸ்ல அத்தனை மெஷினையும் அவன்தான் கட்டி மேய்க்கிறான். அவன் சொன்னா நான் எப்படித் தம்பி நம்பாம இருப்பேன்?

என் வேலையா? டைப்பிங்தான், ஒரு அச்சகத்துக்கு. கையால எழுதின பக்கங்களை ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க. அதை இந்தப் பக்கம் திறந்து வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் அடிக்கணும். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்குச் சோறு போட்டது அதுதான். அச்சகத்துக்காரர் எனக்கு வெச்ச பேரே பிழையில்லா அம்மான்னு.

போன லீவுக்கு வந்தவன், தூசி தட்டித் தர்றேம்மான்னு இதைத் திறந்தான். அன்னியோட போச்சு. ரெண்டு பக்கத்தையும் திறந்தா அப்படியே சண்டித்தனம் பண்ணிக்கிட்டு நிக்கும். ஒரு எழுத்தைத் தட்டினா வராது. அழுத்தம் பத்தலையாக்கும்னு இன்னொரு தட்டு தட்டுவேன். கொஞ்சம் பொறுத்து ரெண்டும் சேர்ந்து வந்து விழும். பக்கம் பூரா ஒண்ணுக்கு ரெண்டா எழுத்து. திருத்தித் திருத்திக் கண்ணு பூத்துப்போச்சு. அச்சகத்துக்காரர் மொதல்ல சிரிச்சார், அப்புறம் பொறுத்துக்கிட்டார். கடைசியில, உடம்பைப் பாத்துக்கங்கம்மான்னு சொல்லிட்டு வேலையை வேற ஒரு பொண்ணுக்குக் கொடுத்துட்டார்.

வேலை போச்சுன்னு கேட்டு மறுபடி வந்த மகன்கிட்டதான் அழுதேன். மெஷின் மக்கர் பண்ணுதுடான்னேன். மெஷினுக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சும்மா, கை தடுமாற ஆரம்பிச்சிருச்சு, பேசாம என்கூட வந்துடுன்னான். என் கையை எடுத்துத் தன் மடியில வெச்சுத் தடவிக்கிட்டே சொன்னான் தம்பி. நானும் அதுக்கப்புறம் தினமும் கையை நீட்டி நீட்டிப் பாத்துக்குவேன், நடுங்குதான்னு.

அதுவா கழண்டு விழுந்திருக்காதா? ஓ, ரெண்டு பக்கமும் கிளிப் இருக்கா. விரலால அமுக்கினாத்தான் வருமா. எலி கிலி ஏதாவது? சிரிக்காதீங்க, பெத்தவ அப்படித்தான் கேப்பா.

அந்த மெமரி பாக்க எப்படித்தான் இருக்கும்? பச்சையா, நீளமா, ஒரு ஓரத்துல மட்டும் தங்க நிறத்துல பல்லுப் பல்லா?

இருங்க, இந்தப் பைக்குள்ளதான் போட்டேன். காலையில வீட்டை ஒழிச்சப்போ அவனோட பழைய ஷேவிங் டப்பாக்குள்ள கிடந்துச்சு. என்னமோ சாமான், அப்புறம் தேடுவானேன்னு எடுத்து வெச்சேன். இதுவா பாருங்க.

இதேதானா.

தண்ணியெல்லாம் வேணாம் தம்பி. அடப்பாவி! என் வேலை போனதைக்கூட விடுங்க, என் கையை நானே சந்தேகப்படுற மாதிரி பண்ணிட்டானே. ராத்திரியெல்லாம் தலகாணியில முகத்தை வெச்சு அழுதது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பக்கத்து ரூம்ல படுத்திருந்தான்.

நான் இதை விக்கல. மாட்டுங்க. மாட்டி ஆன் பண்ணிக் கொடுங்க, இங்கயே உக்காந்து ஒரு பக்கம் அடிச்சுப் பாக்கணும். கீபோர்டு இருக்கில்ல?

அவசரமா? எனக்கு என்ன அவசரம். அதோ எதிர்ல ஒரு வெள்ளைக் காரு நிக்குதே, விடாம ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கானே, அவன்தான் எம்மகன். இந்த ஓட்டையைத் தள்ளிட்டுச் சட்டுனு வாம்மா, பத்திரம் பதிய நேரமாச்சுன்னு அனுப்பினான். என் வீட்டை விக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாம். கை தடுமாறுற கிழவி, அவ்வளவு சீக்கிரம் போயிட முடியுமா? அவன் அடிக்கட்டும். நீங்க மாட்டுங்க தம்பி.