வெற்று வரிக்குக் கீழே

பின்னேரம் மூன்று மணி. லுணுகலைப் பக்கம், ஒரு தோட்டத்து ஆபீஸுக்குப் போகிற ரோடு. பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த நேரத்திலேயே நீட்டிய கை தெரியாது... கிட்ட வந்து உட்காருங்கள். என் கூட்டாளியின் மச்சான் மதுசூதனனுக்கு நடந்தது இது. இரண்டாயிரத்து இரண்டில்.

அந்த ஆபீஸில் அவன் கிளார்க். அன்று ஞாயிறு, ஒரு குருவி இல்லை. மனுஷன் போனது வேலைக்கா? வயிற்றெரிச்சலில்!

அவன் மனைவி பிரசாந்தினிக்குப் பதுளையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவன் அஜந்தன். எந்நேரமும் வாயில் கராம்பு மெல்லுவான். அவளைக் கட்ட இருந்தவனும் அவன்தான்; பைக்கோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனை என்ன செய்வது? கல்யாணமாகி மூன்று வருஷம், அவள் ஒருநாளாவது தன்னை ஆசையாகப் பார்த்தாளா என்று மதுவுக்குப் புகைச்சல்.

மதுவின் ஆபீஸ் கம்ப்யூட்டரில், இன்டர்நெட் வழியாக, அவள் ஒரு சமையல் குழுவுக்கு எழுதுவாள். அதைப் படிக்கிற நியூஸ் ரீடர் புரோகிராம், ஒவ்வொரு பதிலையும் அதன் மூலச் செய்திக்குக் கீழே சற்றுத் தள்ளி வைக்கும். மூலச் செய்தி காணாமல் போயிருந்தால், அந்த இடத்தில் ஒரு வெற்று வரி. அவள் எழுதியதெல்லாம் ஒரே வெற்று வரிக்குக் கீழே கிடந்தது.

"யாருக்குடி பதில் எழுதுற?"

"யாருக்கும் இல்லைங்க. புதுசாத்தான் எழுதுறேன்."

நம்புவானா? அந்த வெற்று வரியில் அஜந்தன் இருக்கிறதாகவே அவனுக்குப் பட்டது.

அந்த ஞாயிறு ஆபீஸைத் திறந்தான். டெலிபோன் லைன் கீச்... கீச்சென்று கத்தி அடங்கியது. புதுச் செய்தியாகத்தான் எழுதினான்: 'அவள் என் பெண்டாட்டி. நீ யார்?'

அனுப்பிவிட்டு மறுபடி பார்த்தான். அவன் செய்தியும் அந்த வெற்று வரிக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது... பதிலாக.

ஜன்னலெல்லாம் பூட்டிய அறை. கராம்பு வாசம் வந்தது.

ஆத்திரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தான். அவளுடையது போயிற்று. அவனுடையதும் போயிற்று. வெற்று வரி மட்டும் போகவில்லை.

ஓட்டமும் நடையுமாக வீடு வந்தான். வாசலில் நின்ற பிரசாந்தினி கிட்டே வந்தாள். முகர்ந்தாள். அவன் அதுவரை பார்க்காத மலர்ச்சி அவள் முகத்தில்.

"இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?"

நான் மது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நாக்குக்கு அடியில் ஏதோ உறுத்தியது... ஒரு கராம்பு.

துப்பியிருக்கலாம். அவள் இன்னும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதை மெல்ல ஆரம்பித்தான்.