ஓட்டை விழுந்த கத்தரிக்காய்

— இந்தக் காய நறுக்குங்க, கர்ணண்ணே.

— பெட்டி கட்டின காய எதுக்கு நறுக்கணும், இவாஞ்சலினு? கடை வண்டி வர்ற நேரம்.

— வண்டி நிக்கும். நறுக்குங்க.

— இந்தா. நல்லாப் பாத்துக்க.

— ஓட்டை இருக்கு. புழு எங்கன?

— வெளிய போயிருக்கும். வீட்டு வரியா கட்டுது, உள்ளயே கெடக்க?

— போன புழு எச்சம் போட்டுட்டுல்ல போகும்? இந்த ஓட்டை நேரா உள்ள போயி அங்கனயே நிக்குது. வளையக்கூட இல்ல.

— நெட்டைப் புழுவா இருக்கும்.

— நானும் ராயப்பன்பட்டியில கத்தரி போட்டவரு மகதான். தேனியில மருந்தில்லாக் காய் விக்கிற கடையில சம்பளத்துக்குக் காய் வாங்கப் போனா புழு மறந்துருமா? மருந்தடிச்சுட்டு, அடிக்கலைன்னு காட்ட நீங்களே ஓட்டை போட்டிருக்கீக.

— மருந்தடிக்கல தாயி. வீரபாண்டி கௌமாரி மேல சத்தியம்.

— உங்க கௌமாரியும் எங்க மாதாவும் காய் வாங்க வரப்போறதில்ல. குத்துனது யாரு?

— நாந்தேன். தென்ன ஈர்க்க வச்சு.

— ஏன்?

— போன வாரம் பெட்டிய அப்படியே திருப்பி விட்டீகள்ல. 'இம்புட்டு அழகா இருக்கு, இது மருந்துக் காயி'ன்னு வாங்க வந்தவுக சொன்னாகளாம். காருல வந்து எறங்குறவுகளுக்கு ஓட்டையப் பாத்தாத்தேன் நம்பிக்கை. இந்தத் தடவை புழு வரல. வெத்தல பாக்கு வச்சா அழைக்க முடியும்?

— மயிலாடும்பாறை பூராம் புழு. உங்க தோட்டத்துக்கு மட்டும் வரலையாக்கும்?

— வேப்பங்கொட்டைய இடிச்சுக் கரைச்சுத் தெளிச்சேன். பூச்சிக்குப் பொறி வச்சேன். சொத்தையப் பொறுக்கிப் பொறுக்கிக் குழியில போட்டேன். சந்தேகமா இருந்தா எங்க வீட்டுல மொக்கம்மாளக் கேளு.

— உங்க பொண்டாட்டி உங்களுக்குத்தான் சாட்சி சொல்லுவாக.

— எனக்கா? 'மருந்தும் அடிக்கல, காயும் விக்கல, என்னத்துக்கு இந்த வெள்ளாம'ன்னு தெனமும் ஏச்சு. இந்தப் பெட்டியும் திரும்பி வந்தா நாளைக்கே மருந்துக் கேனோட வந்து நிப்பா. அதுக்கு மேல என்னால சண்ட போட முடியாது. இம்புட்டு நாள் பாடுபட்டுத் திருப்புன மண்ணு பழையபடி போயிரும்.

— நான் ஒரு ஃபோன் போட்டா இன்னிக்கோட உங்க காய் நின்னுரும்.

— போடு. பொய்யி ஓட்டையில தான், காயில இல்லைன்னு சேத்துச் சொல்லு.

— அது எனக்குத் தெரியும். திருப்பி விட்ட பெட்டியில நாலு காய எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருந்தேன். மருந்தே இல்லைன்னு வந்துருச்சு.

— அடிப்பாவி. தெரிஞ்சுக்கிட்டேவா என்னையப் போலீஸ்காரி மாதிரி கேட்டுக்கிட்டு நின்ன?

— குத்துற யோசனைய உங்களுக்கு எங்க கடையில யாரும் சொல்லிக் குடுத்தாகளான்னு தெரியணும்ல.

— யாரும் சொல்லல. என் தலையில தானா உதிச்சது. உங்க கடையில யாருக்கு இந்தக் கிறுக்குப் புத்தி வரப்போகுது?

— இனிமே நீங்க குத்தாதீகண்ணே, ஈர்க்குக் குத்து மாட்டி விட்ரும். மத்த தோட்டத்து மருந்துக் காயி பூராத்துக்கும் கம்பிய வளைச்சுச் சூடு காட்டி நான்தான் குத்துறேன், உங்களுதையும் அதோட சேத்துக் குத்திக்கிறேன்.