பச்சைப் பொட்டலம்

எனக்குக் குப்பை பிடிக்காது, ஐயா. மேசையிலும் சரி, கணினியிலும் சரி. சனிக்கிழமை காலை தேநீரை ஊற்றிக்கொண்டு வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். எங்கள் ஊர் ஷின்ச்சுவில் பாதிப் பேர் விடுமுறையில் செய்கிற வேலைதான்.

என் மனைவி பெய்-சுன் மியாவ்லியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கணினியோடு இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க் இணைந்திருக்கும், சோப்புப் பெட்டி அளவில். அதில் சமையல் குறிப்பு வைத்திருப்பதாகச் சொல்வாள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். காட்டிக்கொடுத்தது பொட்டலம்தான்.

எங்கள் கணினிச் சிப் ஆலையில் ஒவ்வோர் இயந்திரத்தின் தலையிலும் தேங்காய் மணக்கும் சோளப் பொரிப் பொட்டலம் ஒன்று இருக்கும். உங்கள் அலுவலகத்திலும் பார்த்தேன். பச்சை உறைதான் வைக்க வேண்டும். அப்போதுதான் இயந்திரம் அடம்பிடிக்காமல் ஓடும் என்பது நம்பிக்கை. தேதி முடிவதற்குள் மாற்ற வேண்டும். காவலுக்கு வைத்ததை யாரும் தின்னக் கூடாது. எங்கள் கணினி மேல் இருந்தது மார்ச்சிலேயே காலாவதி. அந்தச் சின்னப் பெட்டி மேல் இருந்ததோ புத்தம் புதிது. கஞ்சி வைக்கிற குறிப்புக்கு எதற்கு இவ்வளவு காவல்?

திறந்தேன். நாற்பத்தொரு படங்கள், தேதி போட்டு. தோள், முதுகு, காதுக்குப் பின்புறம். கூடவே குடும்ப நீதிமன்றத்துக்கு ஒரு மனு, வியாழக்கிழமை விசாரணை. உண்மையைச் சொன்னால், நான் நினைத்திருந்ததைவிடக் குறைவுதான். அவளுக்குப் படமெடுக்கவும் வராது. குளியலறை வெளிச்சத்தில் லேசாகச் சிவந்ததுகூட ஊதாவாகத் தெரிகிறது. நாலு பேர் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எனக்குக் கோபம் வந்தது. யாருக்குத்தான் வராது?

டிஸ்க்கை அழிக்க ஃபார்மேட் கொடுக்கும்போது 'விரைவாக' என்ற கட்டத்தில் டிக் இருக்கும். அப்படியே விட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் விவரம் தெரிந்த கடைக்காரன் தோண்டி எடுத்துவிடுவான். டிக்கை எடுத்தேன். ஐந்து மணி நேரம் ஓடியது. நான் எழுந்து போகவில்லை. பசித்தபோது அந்தப் புதுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேன்.

மூன்று மணிக்கு வந்தாள். வாசலில் நின்றபடி முதலில் காலி உறையைத்தான் பார்த்தாள்.

"அதைத் தின்னக் கூடாதுன்னு தெரியாதா?"

"அது ஒழுங்கா வேலை செய்யல. வேற வாங்கிக்க."

"முழுசாவா அழிச்சே?"

"முழுசா. வேணும்னா முதல்லேருந்து படம் எடுத்துக்க."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, எடுத்துக்கறேன்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

டிஸ்க்கை அழித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அவளை எடுத்த இந்த ஒரு படத்தை மேசையில் வைத்துக்கொண்டு, என்னமோ இதே பழக்கமாக இருப்பவனைப் போல போலீஸ்காரர் நீங்கள் என்னைப் பார்ப்பது நியாயமில்லை. வேண்டுமானால் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். இதற்கு முன் ஒன்றுமே கிடையாது. இதுதான் முதல் தடவை.