பின்கதவு வழக்கு

— ஷட்டர்ல சிவப்புப் பெயின்ட்டால எழுதியிருக்காங்க அக்கா. "இவன்கிட்ட முடி வெட்டாதே, இவன் அக்கா நீதிபதி நஸீஹா"ன்னு. நல்லாயிருக்கா?

— உக்காரு லமீன்.

— உக்கார வரல. செவ்வாய்க்கிழமை நீ தீர்ப்புச் சொன்ன. இன்னைக்கு வெள்ளி. இத்தனை நாள்ல என் சலூன் நாற்காலியில ஒரு ஆள் உக்காரல. பெல்காசிம் மாமா ஜும்மா தொழுகைக்கு முன்னால என்கிட்டதான் ஷேவ் பண்ணுவார், இருபது வருஷமா. இன்னைக்குக் காலையில கடையைத் தாண்டிப் போனார். என்னைப் பார்த்தார். காறித் துப்பிட்டுப் போனார்.

— பொண்ணைப் பறிகொடுத்த மனுஷன். துப்பட்டும்.

— அவர் பொண்ணு சஃபாவுக்குப் பத்தொன்பது வயசுக்கா! இத்தாலிக்கு ஜீன்ஸ் தைக்கிற பட்டறை. தீப்பிடிச்சப்ப ஏழு பொண்ணுங்க உள்ளயே வெந்து செத்தாங்க. ஏன்? பின்கதவை வெளியே பூட்டியிருந்தான் அந்தக் காவலாளி மப்ரூக். கீழ்கோர்ட்டு மூணு வருஷம் போட்டுச்சு. அது பத்தாதுன்னு ஊரே அழுதுச்சு. அவன் மேல்முறையீடுன்னு உன்கிட்ட வந்தான். நீ அவனை வீட்டுக்கு அனுப்பி வெச்சுட்ட!

— நான் இல்ல. கோர்ட்டு.

— கோர்ட்டுன்னா யாரு, சுவரா? நடு நாற்காலியில உக்காந்து படிச்சது நீ. டீவியில வந்தது உன் மூஞ்சி.

— மூணு பேர் சேர்ந்தாதான்டா அது கோர்ட்டு. தனியா எனக்கு அங்க ஒரு அதிகாரமும் கிடையாது.

— எவ்வளவு வாங்கின?

— என்ன கேட்ட?

— நான் கேக்கல, ஊரு கேக்குது. மப்ரூக் வாயைத் திறந்தா பட்டறை முதலாளி மாட்டுவான், அதான் நல்லா கவனிச்சுட்டாங்கன்னு பேசறாங்க. எனக்குப் பதில் வேணும். நான் அவங்க மூஞ்சியில முழிக்கணும்.

— இருபத்தாறு வருஷமா பஸ்லயும் பழைய காருலயும் போயிட்டு வரேன். இந்த வீட்டுக் குழாயே ஒழுகுது. வந்து உக்காந்து என்கிட்ட "எவ்வளவு"ன்னு கேக்கற! முதலாளி பேரு எங்க முன்னால வரவே இல்ல லமீன். வழக்குப் போட்டவங்க அவன் பேரை எழுதல. எழுதாத பேருக்கு நான் எப்படித் தண்டனை கொடுக்கறது?

— சரி, எழுதின பேரு இருக்குல்ல? "நான்தான் பூட்டினேன்"னு அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்ல?

— பதினாலாம் தேதி போட்ட கையெழுத்து. அன்னைக்கு அவன் ஆஸ்பத்திரியில கிடக்கறான். ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் கட்டுப் போட்டிருக்கு. பேனாவை எதுல பிடிச்சான், பல்லுலயா?

— தேதியை யாராச்சும் மாத்தி எழுதியிருப்பாங்க.

— அப்ப அது பொய்க் காகிதம். பொய்க் காகிதத்தை வெச்சு ஒருத்தனை உள்ள போடலாம்னா, நாளைக்கு உனக்கும் ஒண்ணு எழுதுவாங்க. அப்ப ஓடி வருவல்ல, "அக்கா, காப்பாத்து"ன்னு?

— சட்டம் பேசாத! இதைப் போய் பெல்காசிம் மாமா சம்சாரத்துகிட்ட சொல்லு பார்ப்போம். பெல் அடிக்குது. பத்திரிகைக்காரனா இருந்தா நான் பேசிக்கறேன்.

— நீ ஒண்ணும் பேச வேண்டாம். கதவை மட்டும் திற.

— மன்னிக்கணும் மேடம், சொல்லாம வந்துட்டேன். உங்க கார் கண்ணாடியை உடைச்சுட்டாங்களாமே?

— வாங்க ஹமாதி. கண்ணாடிதானே, மாத்திக்கலாம். இது என் தம்பி லமீன். லமீன், இவர் ஹமாதி. அந்த வழக்குல என் வலது பக்கம் உக்காந்த நீதிபதி. டீ போடவா?

— வேண்டாம் மேடம். அது வந்து… சாப்பாடே இறங்கல. அடி உங்க மேல விழுது, நாங்க ரெண்டு பேரும் வேடிக்கை பார்க்கறோம். ரேடியோக்காரங்க கூப்பிட்டாங்க. நான் போய்ப் பேசிடலாம்னு இருக்கேன்.

— என்னத்தைப் பேசுவீங்க?

— உண்மையை.

— கதவைச் சாத்திக்கிட்டு நாம மூணு பேரும் பேசினது அந்த அறையிலயே கிடக்கணும். சத்தியம் பண்ணிட்டுத்தானே அங்கியைப் போட்டோம்?

— எனக்குத் தெரியாதா மேடம்? ஆனா இது அநியாயம்! மூணு நாள் எங்களோட சண்டை போட்டீங்க. "காவலாளின்னா கதவுக்கு அவன்தான் பொறுப்பு, தண்டனை நிக்கணும்"னு மேஜையைத் தட்டினது நீங்க. அவனை விடணும்னது நாங்க ரெண்டு பேர்…

— ஹமாதி! வாயை மூடுங்க! என் தம்பி நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?

— அக்கா? அப்ப நீ அவனை விடச் சொல்லலையா?

— ஹமாதி, எழுந்து வீட்டுக்குப் போங்க.

— யா ரப்பி! நீ நம்ம பக்கம்தான் நின்னிருக்க! இதை வெச்சுக்கிட்டா வாயைக் கட்டிட்டு உக்காந்திருக்க? செருப்பு எங்க? நான் இப்பவே பெல்காசிம் மாமா வீட்டுக்குப் போறேன்.

— வாசலைத் தாண்டினா நீ என் தம்பி இல்ல.

— ஏன்? பொய்யா சொல்லப் போறேன்?

— நீ சொன்ன அடுத்த ஒரு மணி நேரத்துல இவர் வீட்டு ஜன்னல் உடையும். அப்புறம் மூணாவது நீதிபதி வீடு, அவருக்குக் கைக்குழந்தை இருக்கு. அதுக்கப்புறம் இந்த ஊருல எந்த நீதிபதியும் கேஸ் கட்டைப் படிக்க மாட்டான். ஜன்னல் வழியா தெருவை எட்டிப் பார்த்துட்டுத் தீர்ப்பு எழுதுவான். அந்தக் கோர்ட்டை நீ நம்புவியா?

— இப்ப மட்டும் யாரு நம்பறா?

— நம்பலைன்னா திட்டட்டும். முடிவு தப்புன்னா தலைநகர் துனிஸ்ல எங்களுக்கும் மேல ஒரு கோர்ட்டு இருக்கு, எங்க தலையில குட்டட்டும். அதுக்குத்தான் அது இருக்கு. நான் ஒத்துக்காத முடிவுக்கும் நான்தான் திட்டு வாங்கணும். தலைமைன்னா அதுதான்டா.

— அது வந்து மேடம்… ஒண்ணு கேக்கறேன். ஒத்துக்காத முடிவுக்குக் காரணங்களை நீங்களே ஏன் எழுதறேன்னீங்க? நான் எழுதறேன்னு சொன்னேனே.

— கோவம். செவ்வாய்க்கிழமை முடிவை மட்டும்தானே வாசிச்சோம்? காரணம் எழுத உக்காந்தா, எழுத ஒண்ணும் இல்லாம பாதியில நின்னுபோயிடும், அந்தப் பாதியை உங்க மூஞ்சியில வீசணும்னு நினைச்சேன்.

— நின்னுச்சா?

— பதினோராம் பக்கத்துல. நீங்க எழுதியிருந்தா ஆஸ்பத்திரித் தேதியைச் சொல்லி முடிச்சிருப்பீங்க. எனக்கு அது போதல. அவன் கை எதனால வெந்துச்சுன்னு தேடினேன்.

— தப்பிச்சு ஓடும்போது சுட்டுக்கிட்டான். ஊருக்கே தெரியுமே அக்கா.

— நானும் அதைத்தான் நம்பினேன். இந்தா, டாக்டர் எழுதினது. சத்தமாப் படி.

— "இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்காக, பட்டை பட்டையாக ஆழமான தீக்காயம். அகலம் நாலு சென்டிமீட்டர்." இதுல என்ன இருக்கு?

— ஹமாதி, இது தீயணைப்புக்காரங்க அறிக்கை. வேற கட்டுல கிடந்துச்சு. பின்கதவைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?

— "கதவின் வெளிப்பக்கம் குறுக்கே இரும்புப் பட்டை. ஒரு முனையில் பூட்டு. பட்டையை யாரோ வெளியிலிருந்து இழுத்ததில் நடுவில் வளைந்திருக்கிறது. அகலம்…" மேடம்!

— படிங்க.

— "நாலு சென்டிமீட்டர்."

— இந்த ரெண்டு காகிதத்தையும் யாரும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கல. கீழ்கோர்ட்டு பார்க்கல, அவன் வக்கீல் பார்க்கல, நாம மூணு பேரும் பார்க்கல. நெருப்பாக் காய்ஞ்ச இரும்பை வெறுங்கையால பிடிச்சு, தோல் உரியற வரைக்கும் இழுத்திருக்கான்.

— அப்ப… பூட்டினது யாருக்கா?

— தெரியாது. திறக்கப் பார்த்தது யாருன்னு மட்டும் தெரியும். பதினாலு மாசம் அவனைத்தான் உள்ள வெச்சிருந்தோம். காலையில பத்தொன்பது பக்கத்தையும் பதிவாளர்கிட்ட கொடுத்துட்டேன். இனிமே யார் வேணும்னாலும் வாங்கிப் படிக்கலாம். பெல்காசிம் வீட்டுக்குப் போறதுன்னா ஒரு பிரதி வாங்கிட்டுப் போ. இவர் உளறினது உன் வாயில வரக் கூடாது.

— இரு அக்கா, எனக்குப் புரியல. உயிரைக் கொடுத்து இழுத்தவன் அதை ஏன் ஒரு வார்த்தை கோர்ட்டுல சொல்லல? சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்காதுல்ல? ஊமையா அவன்?

— சொன்னான்டா. "இழுத்துப் பார்த்தேன்மா, வரல"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு, கையைக் கீழ போடுன்னு அவனை அதட்டினது நான்.